உருண்டை விழுந்தால் திரும்பணும்

ஒரே ஒரு ஊரில், ஒரே ஒரு ஷெட்டில், அறுபது தறி இருந்தது அம்மிணி. அறுபதும் ஒரே வாயாகக் கத்திக்கொண்டே இருந்தது. இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கதவுக்குள் உட்கார்ந்திருக்கிறவர்கள் நான் சொல்வதைக் கதை என்றுதான் சொல்கிறார்கள். சரி, கதையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கதை என்றாலாவது நாலு பேர் காது கொடுப்பார்கள்.

அந்த மாஸ்க்கைக் கொஞ்சம் கீழே இறக்கு கண்ணு. உனக்குக் கையில்தானே கட்டு, இருமல் இல்லையே? ம், இப்போ சொல்லு. பல்லடத்துக்குப் பக்கமா? மில்லில் விரல் மாட்டிக்கொண்டதா? அடப் பாவமே. எத்தனை விரல்? ரெண்டா? உனக்குக் கொடுத்துவிடுவார்கள், பயப்படாதே. விரல் இல்லையென்றால் இல்லை, யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம். என் பாடு அப்படியா? காது ரெண்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, தோடு வேறு போட்டிருக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று எதைத் திறந்து காட்டுவது, சொல்லு.

நான் சாரதாமணி. பத்தொன்பது வருஷம் தறி ஓட்டினேன். மில் பெயர் வேண்டாம், விடு. ஆளுக்கு ஆறு தறி. நூலைச் சுமந்துகொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு கட்டை ஓடுமே, நாடா என்போம், அது ஒவ்வொரு தடவையும் பெட்டியில் போய் மோதும். ஒரு தறியில் நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேலே மோதும். அறுபது தறிக்கு நீயே பெருக்கிக்கொள், எனக்குக் கணக்கு வராது. மேலே தகரக் கூரை வேறு. முதல் வாரம் தலைக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். ரெண்டாவது மாசம் ஒன்றும் இருக்காது. பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். பழகுவதாவது! செத்துக்கொண்டிருந்திருக்கிறது, நாங்கள் பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு டீ குடித்திருக்கிறோம்.

அந்த வெள்ளைச் சட்டைக்காரர் எதற்கு என்னையே முறைக்கிறார்? சத்தமாகப் பேசுகிறேனா? மெதுவாகத்தானே பேசுகிறேன். என் காதுக்கே கேட்காத அளவுக்கு மெதுவாகப் பேசுகிறேன்.

ஷெட்டுக்குள் குரலுக்கு வேலையே கிடையாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. பத்துத் தறி தள்ளி நிற்கிறவளோடு மாமியார் சண்டையை முதலிலிருந்து கடைசி வரைக்கும் பேசி முடித்துவிடுவோம், மேஸ்திரி நடுவில் நின்றாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது. சரி, ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் எப்படிக் கூப்பிடுவது? அதற்குத்தான் உருண்டை. அறுந்த கழிவு நூலைக் கையில் உருட்டி அவள் காலடியில் விழுகிற மாதிரி எறிவோம். உருண்டை விழுந்தால் திரும்பணும். அது ஷெட்டுச் சட்டம். கோபமாக இருந்தாலும் திரும்பணும். பின்னால் பெல்ட் அறுந்து வந்துகொண்டிருக்கலாம், நாடா பறந்து வந்துகொண்டிருக்கலாம், யாருக்குத் தெரியும்? நானும் நாகராணியும் ஒரு சேலை விஷயத்தில் நாலு மாசம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம். அப்போதுகூட நான் உருண்டை போட்டால் திரும்புவாள். மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு திரும்புவாள். ஆனால் திரும்புவாள்.

நாகராணி யாரா? சொல்கிறேன், அவள்தானே கதை. என் பக்கத்துத் தறிக்காரி. என்னைவிட நாலு வயசு சின்னவள். நான் சேர்ந்த அதே வருஷம்தான் சேர்ந்தாள், ஆனால் நூல் முடிச்சுப் போடக்கூடத் தெரியாமல் வந்தாள். எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். முடிச்சுப் போடுவதிலிருந்து கேம்ப்பில் பாஸ் பண்ணுகிற வரைக்கும்.

கேம்ப் என்றால் மெடிக்கல் கேம்ப். வருஷா வருஷம் கேன்டீனில் நடக்கும். கண், ரத்தம், காது. காதுக்கு ஒரு பெண் பெட்டியோடு வரும். தலையில் ஒன்றை மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்லும். பக்கத்தில் எங்கள் ஆபீசர் தயானந்தன் சார் நோட்டோடு நிற்பார். நான் சேர்ந்து மூணாவது வருஷம். விரலைத் தூக்காத ரெண்டு பேரை மறுநாளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "காது கேக்காத ஆளை ஷெட்டுக்குள்ள விட்டா ஆபத்துங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். நல்லதுக்காம்! அந்த ரெண்டு பேரில் ஒருத்தி கேன்டீன் வாசலில் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள். அதைப் பார்த்தோம் எல்லாரும்.

அந்த வருஷம்தான் நான் கண்டுபிடித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண் சத்தம் விடும்போது பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கும். அமுக்கும்போது அதன் நகம் வெளுக்கும். அவ்வளவுதான். நகம் வெளுத்தால் விரலைத் தூக்கு. நாள் முழுக்க நாடாவைக் கண்ணால் துரத்துகிறவளுக்கு ஒரு நகமா தெரியாது? ஷெட்டில் இருந்த எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன். நாகராணிதான் தடுமாறினாள், அவளுக்கு எதிலும் அவசரம். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ் மூடியைப் பொத்தானாக வைத்துப் பழக்கினேன். "பறக்காதடி. நகம் வெளுத்ததும் ஒரு மூச்சு உட்டுட்டுத் தூக்கு. அப்பத்தான் கேட்டுத் தூக்கற மாதிரி இருக்கும்." அதற்கப்புறம் எங்கள் ஷெட்டில் ஒருத்தர்கூட ஃபெயில் இல்லை. பதினாறு வருஷம். தயானந்தன் சாரே ஆயுத பூஜையன்று மைக்கில் சொன்னார், நம்ம ஷெட்டு நூத்துக்கு நூறு என்று. நாங்களும் கை தட்டினோம்.

காது போனது எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்கிறாயா? எனக்குத் தெரியவில்லை. என் மகள் சுகுணாவுக்குத்தான் தெரிந்தது. பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு மூணு மாசம். தொட்டிலில் போட்டுவிட்டு, "அம்மா பாத்துக்கோ, கடைக்குப் போயிட்டு வாறேன்" என்று போனாள். நான் தொட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அரைக் கூடை உரித்திருப்பேன். சுகுணா உள்ளே ஓடி வந்தாள், என்னைத் தள்ளிவிட்டு ஓடினாள். திரும்பிப் பார்த்தால் குழந்தை நீலம் பாரித்துக் கிடக்கிறது, கத்திக் கத்தி. தெருமுனை வரைக்கும் கேட்டதாம். எனக்கு எட்டடி தூரம் அம்மிணி. எட்டே அடி.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சுகுணா அன்றைக்கே கிளம்பிவிட்டாள். "உனக்கு எம் பிள்ளை மேல அக்கறையில்லைம்மா" என்றாள். அந்த உதட்டை நான் நன்றாகவே படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். அதிலிருந்து குழந்தையை என் மடியில் விடுவதில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் நான் தொடலாம்.

அதனால்தான் இந்த மனு. மாசாமாசம் ஏதோ வரும் என்கிறார்கள், வந்தால் வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் மிராசு வீட்டுப் பெண் இல்லை. ஆனால் எனக்கு வேண்டியது அந்தத் தாள். ஷெட்டுச் சத்தத்தால்தான் இவளுக்குக் காது போனது என்று சீல் வைத்து ஒரு தாள். அதைச் சுகுணா கையில் கொடுக்க வேண்டும். படிடி, அக்கறையில்லாமல் இல்லை, படி என்று சொல்ல வேண்டும்.

நேர்மையாகப் போய்த் தயானந்தன் சாரிடம்தான் முதலில் சொன்னேன். எனக்குக் காது கேட்கவில்லை சார் என்று. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். சொந்தக் காரணத்தால் நின்றுகொள்கிறேன் என்று அதில் எழுதியிருந்ததாம். சங்கத்து ஆள் ஜெபமாலை படித்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். அவர்தான் மனு எழுதினார். அப்புறம் நடை. இந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை நடை என்று என் செருப்பைக் கேள். டோக்கன் வாங்கு, அந்த ஜன்னலுக்குப் போ, அங்கே இல்லை இந்த ஜன்னல், ஜெராக்ஸ் இல்லையா, போய் எடுத்துக்கொண்டு வா, எடுத்துக்கொண்டு வந்தால் ஜன்னல் மூடியிருக்கும். ஜன்னலுக்குள் இருக்கிறவர் குனிந்துகொண்டே பேசுவார். உதடு தெரியாது. நிமிர்ந்து பேசுங்க சாமி என்றால் கோபம் வரும்.

எட்டு மாசம் கழித்துப் போர்டுக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், அதற்குப் பெயர் போர்டு. கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. நான் உள்ளே, பெட்டியோடு ஒரு பெண் வெளியே. ஜெபமாலை வாசலிலேயே படித்துப் படித்துச் சொன்னார், "அக்கா, கேட்டா மட்டும் விரலைத் தூக்குங்க. கேக்கலைன்னா தூக்காதீங்க." அதென்ன பெரிய வித்தையா என்று போய் உட்கார்ந்தேன்.

நகம் வெளுத்தது. என் விரல் எழுந்துவிட்டது.

நான் தூக்கவில்லை அம்மிணி, அதுவாக எழுந்தது. அடுத்ததுக்குத் தூக்கக் கூடாது என்று நினைத்தேன், நினைப்பதற்குள் தூக்கியாகிவிட்டது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, அழகாக, கேட்டுத் தூக்குகிற மாதிரி. பதினாறு வருஷத்துப் பழக்கம் இல்லையா? நகம் வெளுக்கும்போது விரலை மடியில் வைத்திருந்தால், தூக்கோடு வாசலில் நின்றவள் கண்ணுக்கு முன்னால் வருகிறாள். முடிந்ததும் ஒரு டாக்டர் சிரித்தார், 'வெரி குட்' என்று உதடு அசைந்தது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

கடிதம் வந்தது. செவித்திறன் இயல்பாக உள்ளது, கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஜெபமாலை தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்கக்கா, நீங்க என்ன வேலைக்கா சேரப் போனீங்க?" என்றார்.

மறுபடியும் மனு. மறுபடியும் ஜன்னல். மறுபடியும் ஜெராக்ஸ். இன்றைக்குத்தான் ரெண்டாவது போர்டு. காலையில் வந்து இதே பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். ஜெபமாலைக்குக் கோர்ட்டில் வேலை, வரவில்லை. பார்த்தால், அதோ அந்தக் கோடியில், தயானந்தன் சாருக்குப் பக்கத்தில் நாகராணி. பட்டுச் சேலை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து. என்னைப் பார்த்ததும் உதட்டை அசைத்தாள்.

"அக்கா, சார் கூட்டிட்டு வந்துட்டாருக்கா. என்ற காதைக் காட்டோணுமாம். வரலைன்னா வேலைக்கும் வராதேன்னுட்டாரு."

"உன்ற காது லட்சணம் எனக்குத் தெரியாதாடி?" என்றேன் நான்.

"அதைத்தானுங்க சொல்றேன். எங்க ஊட்டுக்காரரு மரத்துல இருந்து உழுந்து படுத்த படுக்கையாக் கெடக்கறாரு. இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிட்டேன்னா பெரியவ நர்சிங்கை முடிச்சுருவா. நீங்க எதும் சொல்லிப் போடாதீங்கக்கா. உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன்."

"சொல்லலை போ" என்றேன். என்றேன்தான். ஆனால் உதடுதானே அசைந்தது அம்மிணி? குரல் வரவில்லையே. நடுவில் உட்கார்ந்திருந்த தயானந்தன் சாருக்குக்கூடத் தெரியாது. சத்தமில்லாமல் சொன்னதெல்லாம் சத்தியத்தில் சேருமா?

உள்ளே கூப்பிட்டார்கள். இந்தத் தடவை ஒரு டாக்டரம்மா. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்பாடி, கிணற்றுக்குள் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. உள்ளுக்குள் ஙொய்யென்று ஒன்று எப்போதும் கேட்கும், அது மட்டும்தான். கால் மணி நேரத்தில் விரல் மூணே தடவை எழுந்தது. அதிலும் ஒன்று கொசு.

டாக்டரம்மா பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மில் சார்பில் வந்திருந்த தயானந்தன் சார் ஃபைலைப் பிரித்தார். பதினாறு கேம்ப் ரிப்போர்ட்டையும் சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் பரப்பினார். "பதினாறு வருசம் நல்லாக் கேட்டுருக்குதுங்க மேடம். போன போர்டுலயும் கேட்டுருக்குது. அப்பீல் போட்டதும் செவிடாயிட்டாங்களா? இப்பக்கூடப் பாருங்க, நீங்க கேக்கறதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொல்றாங்க."

சொல்லாமல் என்ன செய்வது? கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? மரியாதை தெரியாதவளா நான்?

அப்புறம்தான் அவர் நாகராணியைக் கூப்பிட்டார். "இவங்க அதே ஷெட்டு, அதே வருசம், பக்கத்துத் தறி. சத்தத்தால காது போகும்னா இவங்களுக்கும் போயிருக்கோணுமில்லைங்க? இப்பவே டெஸ்ட் எடுங்க." எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பார்.

நாகராணி கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தாள். நான் வெளியே, பெட்டிக்காரப் பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். நகம் வெளுத்தது. நாகராணி ஒரு மூச்சு விட்டாள். விரலைத் தூக்கினாள். நகம் வெளுத்தது. ஒரு மூச்சு. விரல். என்ன அழகு அம்மிணி! ஒன்றைக்கூட விடவில்லை. அவசரமே இல்லை. நான் டிபன் பாக்ஸ் மூடியில் சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாகச் செய்கிறாள். என் வித்தை, என் காதுக்கே எதிரில் உட்கார்ந்துகொண்டு சாட்சி சொல்கிறது. டாக்டரம்மா பேனா மூடியைக் கழற்றிவிட்டார். எழுதப் போகிறார். எழுதிவிட்டால் அவ்வளவுதான், இதற்கு மேலே ஒரு போர்டுக்கு நான் எங்கே போவேன்? சுகுணா முகம் வந்தது. எட்டடி வந்தது.

"டாக்டரம்மா, அந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஒருக்காப் பாருங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவள் பெயரைச் சொல்லவில்லை. அவளுக்குக் காது கேட்காது என்று சொல்லவில்லை. ஏமாற்றுகிறாள் என்று சொல்லவே இல்லை. நாற்காலியைத்தான் சொன்னேன். நாற்காலியைப் பற்றிச் சொன்னால் அது அவளைப் பற்றிச் சொன்னதாகுமா? நீயே சொல்லு.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், பெட்டிக்காரப் பெண்ணைப் பார்த்தார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாகராணி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரும் உள்ளே போகவில்லை. யாரும் சைகை காட்டவில்லை. அவளே எழுந்தாள். நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டிக்காரப் பெண் பொத்தானை அமுக்கு அமுக்கு என்று அமுக்குகிறது. இவள் முதுகு அசையவில்லை. பின்னலில் வைத்திருந்த கனகாம்பரம்கூட அசையவில்லை. தயானந்தன் சார் போய்க் கண்ணாடியைத் தட்டினார், அதற்கும் இல்லை.

டாக்டரம்மா ரொம்ப நேரம் எழுதினார். "உங்களுதை எழுதி மேல அனுப்பறேன்மா" என்றார் என்னிடம். மேலே என்றால் எங்கே, எத்தனை மாசம், எந்த ஜன்னல், அதெல்லாம் சொல்லவில்லை. கேட்டால் "லெட்டர் வரும்" என்கிறார். எல்லாவற்றுக்கும் லெட்டர் வரும். தயானந்தன் சார் நாகராணியிடம் விரலை ஆட்டி ஏதோ சொன்னார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது, என்ன சொன்னார் என்று படிக்க முடியவில்லை. அப்புறம் கார் எடுத்துக்கொண்டு போய்விட்டார், அவளை விட்டுவிட்டு. பஸ்ஸுக்குக் காசு வைத்திருக்கிறாளோ என்னவோ. உள்ளே கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் அவளிடம். அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சேர்ந்து போகலாம் என்று.

அவளுக்கும் இது நல்லதுதான் அம்மிணி. யோசித்துப் பார். அவளும் மனுப் போடலாம். ஜெபமாலையிடம் நான் சொன்னால் நாளைக்கே எழுதிக் கொடுப்பார். எந்த ஜன்னலுக்கு எப்போது போக வேண்டும், எத்தனை ஜெராக்ஸ், எல்லாம் எனக்கு மனப்பாடம். முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்தவள் இதைச் சொல்லிக் கொடுக்க மாட்டேனா? இதைத்தான் அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் புரிந்துகொள்வாள். அவள் என்னை ஒரு நாளும் தப்பாக நினைத்ததில்லை.

அதோ, கதவு திறக்கிறது. வருகிறாள். நகர்ந்துகொள் கண்ணு, இங்கேதான் உட்காருவாள்.

நாகராணி! ஏ நாகராணி!

இந்தப் பக்கம் பார்க்காமலே போகிறாள் பார். கேட்கவில்லை, பாவம். அவளுக்கும் ஒன்றும் இல்லையே உள்ளே. நாகராணீ! வெள்ளைச் சட்டைக்காரர் எதற்குக் கையை ஆட்டுகிறார், இருங்க சாமி, ஒரு நிமிஷம். இரு, என் டோக்கன் எங்கே? இந்தா இருக்கிறது. கசக்கி உருட்டினால் நூல் உருண்டை மாதிரியேதான் இருக்கிறது. பார், இப்போ திரும்புவாள் பார்.

விழுந்துவிட்டது. சரியாகக் காலடியில். எனக்கு இன்னும் கை தவறவில்லை.

நின்றாள்.

குனிந்து பார்க்கிறாள் பார், உருண்டையைத்தான் பார்க்கிறாள். இல்லை, செருப்பு வாராக இருக்கும். இந்தத் தரையில் என் செருப்பு வாரும் அப்படித்தான் நழுவும். தாண்டி வைத்துவிட்டாளே காலை. பார்க்கவில்லை போலிருக்கிறது. வெறும் தாள்தானே, வெள்ளைத் தரையில் வெள்ளைத் தாள், எப்படித் தெரியும்? நூலாக இருந்தால் தெரிந்திருக்கும். நூல் என்றால் திரும்பியிருப்பாள்.

உன் டோக்கனைக் கொடு அம்மிணி, சீக்கிரம். உனக்கு வேறு வாங்கித் தருகிறேன், கொடு. படியிறங்குவதற்குள்...

வேண்டாம், விடு. கேட்டைத் தாண்டிவிட்டாள்.